ஏணிமேல் நின்ற சாட்சி

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் கரன்ட். “கரன்ட் அண்ணா, எங்க கிளாஸ் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது” என்று பிள்ளைகள் வரும். “கரன்ட், ஆபீஸ்ல ஏசி ஓடல” என்று குமாஸ்தா கூப்பிடுவார். கரன்ட் போனால் கரன்ட் வருவார் என்பது அங்கே அரதப்பழசான ஜோக். வருடாவருடம் புதிதாகச் சேரும் பொடிசுகள் அதைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி அவரிடம் வந்து சொல்லும். அவரும் முதல்முறை கேட்கிற மாதிரியே சிரித்துவைப்பார். யார் என்ன சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவது அவருடைய சுபாவம்.

பள்ளிக்கூடத்துக்கு வருமுன் அடுக்குமாடிக் கட்டடங்களில் வயரிங் வேலை பார்த்தவர். சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் சிமென்ட் தூசி அப்பி ஆளே நரைத்துப்போயிருப்பார். இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்குக் கிடையாது என்கிற பிழைப்பு. பள்ளிக்கூட வேலை கிடைத்தபோது மாதச் சம்பளத்தைவிடப் பெரிதாக அவர் நினைத்தது வேறொன்றை. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு இலவசப் படிப்பு. அவருக்கு இருந்தது ஒரே மகள்.

மகளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். மூன்று வயதில் வாயைத் திறந்தவள் மூடவே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகக் குறைபட்டுக்கொள்வார். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காலைக் கூட்டத்தில் மைக்கின் முன்னால் நின்று அன்றைய செய்திகளை வாசிப்பது அவள் வேலை. மைதானத்து ஓரம், வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு, ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். அவள் குரல் கொஞ்சம் கணீரென்று கிளம்பினால் குமிழை லேசாகத் திருகிச் சரிசெய்வார். ரேடியோவின் குரல் கரன்ட்டின் கையில் என்று ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் சிரிப்பார்.

அவள் கடைசி வகுப்புக்கு வந்த வருடம் அது நடந்தது.

பக்கத்துப் பிரிவு வகுப்பறையில் மின்விசிறி ஒன்று நின்றுபோயிருந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. “நீங்க உங்க வேலையப் பாருங்க, நாங்க எங்க வேலையப் பாக்கறோம்” என்று கணக்கு ஆசிரியர் சொல்ல, கரன்ட் பின்வரிசையில் ஏணியைப் போட்டு மேலே ஏறினார். ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு போன் அதிர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அது ரேடியோவின் உயிர்த்தோழியின் போன். பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காது என்பதால் அந்தப் பெண்ணைக் குருவி என்பார்கள்.

கணக்கு ஆசிரியர் போனை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. “லாக்கை எடு” என்றார். குருவி மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். “எடுன்னா எடு. இல்லன்னா உங்க அப்பாவ வரச் சொல்லு.” அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் மேடையில் ஏறி நின்று, நாடகத்தில் வசனம் பேசுகிற குரலில், அவள் தன் அக்காவுக்கு அனுப்பியிருந்த செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அப்பா இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார், அம்மா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நீயும் சொல்லிவிடாதே. இப்படிப் போயின அவை. “அடடே, அப்பாவ வரச் சொன்னா எந்த வீட்டுலேருந்து வருவாரு?” என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

ஏணிமேல் நின்ற கரன்ட்டும் சிரித்தார். பழக்கதோஷம். எதற்குச் சிரிக்கிறோம் என்று புரிந்ததும் வாயிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கசந்தது. கீழே குருவி மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவர் விசிறியை மாட்டினார். ஓடுகிறதா என்று பார்த்தார். ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் குருவி பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோ கேட்டாள்: “அப்பா, அன்னைக்கு பி செக்‌ஷன்ல ஃபேன் மாட்டினது நீங்கதானே?”

“ஆமா, ஏன்?”

“கணக்கு சார் குருவியோட போனைப் படிச்சப்ப நீங்க அங்க இருந்தீங்களா?”

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான் மேல வேலையில இருந்தேன். கவனிக்கல.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த அம்மா, “அடுத்தவங்க விஷயம் நமக்கெதுக்கு, பரீட்சை வருது, படிக்கிற வழியப் பாரு” என்றாள். பேச்சு அதோடு முடிந்தது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மகள் அடுத்தவர் விஷயத்தை விடவில்லை. வகுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னாள். “பெரிய பேச்செல்லாம் வேண்டாம், போய்ப் படி” என்று பதில் வந்தது. ஆபீஸ் வாசலில் தொங்கிய புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டாள். அந்தப் பெட்டியின் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. பிறகு ஒரு நாள் காலைக் கூட்டத்தில் வழக்கம்போல மைக்கின் முன்னால் வந்து நின்றாள். வெளிநாட்டுச் செய்தி வாசித்தாள், விளையாட்டுச் செய்தி வாசித்தாள். கடைசியாக, குரல் மாறாமல், அடுத்த செய்தியையும் வாசித்தாள்.

“நம் பள்ளிச் செய்தி. சென்ற வாரம் ஒரு மாணவியின் போன் வகுப்பில் வாங்கப்பட்டது. போன் கொண்டுவந்தது தவறு. ஆனால் அதிலிருந்த அவளுடைய சொந்தச் செய்திகள் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்த மாணவி பள்ளிக்கு வரவில்லை. மாணவர்களின் கடிதத்தையோ போனையோ படிக்க யாருக்கும்...”

தலைமையாசிரியை மேடையிலிருந்து வேப்பமரத்தைப் பார்த்துக் கையை வெட்டுவதுபோல் அசைத்தார். “கரன்ட்! ஆஃப் பண்ணுங்க!”

அவர் கை யோசிக்கவில்லை. எத்தனையோ வருடமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்து பழகிய கை. சுவிட்சைத் தட்டியது. மைதானம் கப்பென்று அடங்கியது. மகளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அவளுக்கும் புரிந்தது. அவள் தலைமையாசிரியை பக்கம் திரும்பவில்லை. மரத்தடியைப் பார்த்தாள். அடுத்த நொடி விளையாட்டு ஆசிரியர் வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

தலைமையாசிரியையின் அறைக்கு அவரும் கூப்பிடப்பட்டார். மகள் சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை என்பதால் அவரும் நின்றார்.

“உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாத்தீங்கல்ல?” என்றார் தலைமையாசிரியை. கத்துகிற ஆளில்லை. மெதுவாகத்தான் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். “மைக் என்ன உங்க வீட்டு ஹாலா? இஷ்டத்துக்குப் பேசறதுக்கு? குறை இருந்தா சொல்றதுக்குப் பெட்டி வெச்சிருக்கோம்.”

“அதுல போட்டுட்டேன் மேடம்” என்றாள் ரேடியோ. “அதோட சாவி எங்க இருக்குன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல.”

“பாத்தீங்களா, இந்த வாய்தான்.” தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். “இதே கூட்டத்துல, இதே மைக்ல, நான் சொன்னது உண்மையில்ல, மன்னிச்சுக்கோங்கன்னு படிக்கணும். படிச்சா விட்டுடறேன். இல்லன்னா பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இந்த ஸ்கூல்லேருந்து போகாது.”

“மைக்ல சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கறேன் மேடம்” என்றாள் மகள். “உண்மையில்லன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்ப வீட்டுல இரு.”

கரன்ட் வாயைத் திறந்தார். “மேடம், சின்னப் பொண்ணு, தெரியாம...” என்று ஆரம்பித்தார். தெரியாம என்ன என்பதை அவரால் முடிக்க முடியவில்லை.

மகள் வீட்டில் அடைந்துகிடந்தாள். அவர் மட்டும் தினமும் பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகள் இப்போது அவரிடம் ஜோக் சொல்ல வருவதில்லை. ஒன்றிரண்டு பேர் தாண்டிப் போகும்போது ‘டக்’ என்று நாக்கால் சுவிட்ச் சத்தம் எழுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, வாயில விரல வெச்சா கடிக்கத் தெரியாத மாதிரி நிக்கறீங்களே, நாலு பேரப் பாத்துப் பேசக் கூடாதா? பன்னெண்டு வருஷப் படிப்புங்க. ஒரு வரி படிச்சா முடிஞ்சுபோற விஷயம். அவகிட்ட நீங்களாவது சொல்லுங்க.”

“சொல்றேன்” என்பார். சொல்லமாட்டார். மகளின் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே படிக்கிற சத்தம் கேட்காது. வாய்விட்டுப் படித்தால்தான் மனசில் நிற்கும் என்கிற பெண் அவள்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நடந்தது உண்மைதான் என்று குருவியே வந்து சொன்னால் போதாதா? மகள் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். தான் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இருக்காது. இந்த இரண்டாவது காரணத்தை அவர் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதுதான் அவரை அவ்வளவு வேகமாக நடக்கவைத்தது.

குருவியின் வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டெல்லாம் நீராவி வாசனை. குருவியின் அம்மா கதவைப் பாதி திறந்து, கையால் பிடித்தபடியே நின்றாள்.

“உங்க பொண்ணு நல்லது பண்றதா நெனச்சிருக்கலாம்” என்றாள். “ஆனா ஒரு வகுப்புக்குத் தெரிஞ்சத இப்ப ஸ்கூல் முழுக்கப் பேசுது. நான் வேலைக்குப் போற எடத்துல கேக்கறாங்க. இன்னும் என் பொண்ண வேற சாட்சி சொல்லக் கூப்பிடறீங்க.”

“ஒரு வார்த்த சொன்னா போதும்மா. என் பொண்ணோட பரீட்சை...”

“அந்த வகுப்புல சின்னப் புள்ளைங்க மட்டுமா இருந்துச்சு? பெரியவங்க ஒருத்தர்கூட இல்லையா சொல்றதுக்கு?”

அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து குருவி வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். எப்போதும்போல மெல்லிய குரல்.

“மாமா இருந்தாரும்மா. ஏணி மேல நின்னாரு.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. கதவைச் சாத்துமுன் குருவி அவசரமாகச் சொன்னாள்: “ரேடியோவ யாரும் திட்டாதீங்க மாமா. நான்தான் அவகிட்ட எல்லார் முன்னாடியும் சொல்லுன்னு சொன்னேன். எனக்குச் சத்தம் வராதில்ல.”

அவர் அன்று நேராக வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருகிற பேருந்துகளை எல்லாம் விட்டார். தலைமையாசிரியையிடம் போய் நான் பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். வேலை போகும். வேலை போனால் மகளின் இலவசப் படிப்பும் போகும். சொல்லாவிட்டால் ஹால் டிக்கெட் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மகள் குனிந்தால் அதன் வழியாக வெளியே வந்துவிடலாம்.

பரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி நெருங்கியபோது அவர் மகளின் அறைக்குள் போனார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“பாப்பா, படிச்சிடும்மா. ஒரே ஒரு வரி. வாயாலதானே சொல்றோம், மனசாலயா சொல்றோம்?”

அவள் சொன்னாள்: “நீங்க ஏணி மேல இருந்தீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்பா. குருவி அன்னைக்கே சொல்லிட்டா. தெரிஞ்சேதான் உங்ககிட்ட கேட்டேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மைக் கிட்டயே போயிருக்க மாட்டேன். பெரியவங்க சொன்னாக் கேப்பாங்கல்ல. இப்பவும் ஒண்ணும் ஆகல. நீங்க போய்ச் சொன்னா, நான் பொய்னு படிக்க வேண்டியதே இல்ல.”

அவர் அவள் பாதங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெற்ற மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, ஐம்பதை நெருங்குகிற மனிதர், தோள் குலுங்க அழுதார். “என்னால முடியலம்மா, என்னால முடியல” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. வாசலில் நின்ற மனைவி புடவையோ துண்டோ கைக்குக் கிடைத்ததை வாயில் பொத்திக்கொண்டாள்.

“எழுந்திருங்கப்பா” என்றாள் மகள். அவள் குரல் ஏற்கெனவே மாறிப்போயிருந்தது. “படிக்கிறேன். எழுந்திருங்க.”

படித்தாள். அன்று மைக் வெகு தெளிவாக இருந்தது. அவரே இரண்டு முறை சோதித்திருந்தார். “நான் சென்ற முறை இங்கே சொன்ன செய்தி உண்மையல்ல. அதற்காகத் தலைமையாசிரியையிடமும் கணக்கு ஆசிரியரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.” ஒரு எழுத்து சிதறாமல் மைதானத்தின் கடைசி வரிசைவரைக்கும் போனது. கணக்கு ஆசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு, பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்றுதான் குருவி திரும்பவும் பள்ளிக்கு வந்திருந்தாள். ரேடியோ அன்று பள்ளிக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டு, தானும் போகவேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்து, சீருடை போட்டுக்கொண்டு வந்து, தன் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். தோழியின் வாயாலேயே தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கேட்டாள்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். “உண்மைதான்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. மறுபடி சொன்னாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினாள். “உண்மைதான்! என் போனைப் படிச்சாரு! எல்லாரும் சிரிச்சீங்க!” தொண்டை கிழிந்து, குரல் கிறீச்சிட்டு, பாதியில் உடைந்துபோனது. யாரும் அவள் அருகில் போகவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகள் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு குனிந்து நின்றார்கள். மேடையில் ரேடியோ மைக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் இருவருக்கும் டி.சி. எழுதப்பட்டது. இருவரும் சேர்ந்து திட்டமிட்டுப் பள்ளியின் பெயரைக் கெடுத்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். மன்னிப்பு படித்தாயிற்றே என்று கரன்ட் தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்று கேட்டார். “படிச்ச லட்சணத்தத்தான் பாத்தோமே” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கரன்ட் அடுத்த நாளும் வேலைக்குப் போனார். எப்படிப் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மனைவியின் மருந்துக்கடைச் சம்பளத்தில் வாடகைக்கே இழுத்துப் பறிக்கும் என்பது ஒரு காரணம். வீட்டில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பது இன்னொன்று. அவள் அவரோடு சண்டை போடவில்லை. “தண்ணி வேணுமா”, “கேஸ் தீந்துபோச்சு”, “அம்மா லேட்டா வருவாங்களாம்” என்று வேண்டியதை மட்டும் பேசினாள். வீட்டில் ரேடியோ ஓய்ந்துவிட்டது.

கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தது குருவியின் அம்மா. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மகளைச் சாட்சிக்கு அனுப்ப மறுத்த அதே பெண், மகளுக்கு டி.சி. கொடுத்த மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று புகார் எழுதிக்கொடுத்தாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று சொன்னாளாம். அலைக்கழித்தார்கள். திரும்பத் திரும்பப் போனாள். கடைசியில் ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார்.

விசாரணை நூலக அறையில் நடந்தது. அதிகாரியின் லேப்டாப்புக்கு மின்சாரம் எட்டவில்லை என்று கரன்ட்டைக் கூப்பிட்டார்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டுவந்து, மேசைக்கு அடியில் மண்டியிட்டு, யார் காலும் தடுக்காதபடி சுவரோரமாக இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே விசாரணை ஓடியது.

கணக்கு ஆசிரியர் சொன்னார்: “போனை வாங்கி வெச்சேன் சார். விதி அப்படி. படிக்கல்லாம் இல்ல.” அன்று வகுப்பில் கேட்ட அதே கேலி அவர் குரலில் இருந்தது. பிறகு அந்த வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சார் ஏதாவது வாசிச்சாரா?”

“நான் கவனிக்கல சார்” என்றான் முதல் பையன்.

“கவனிக்கல சார்” என்றாள் அடுத்த பெண்.

வந்த பிள்ளைகள் எல்லாம் அதையே சொல்லிவிட்டுப் போயின. மேசைக்கு அடியிலிருந்து அவருக்கு அவர்களுடைய காலணிகள் மட்டும் தெரிந்தன. நன்றாகப் பாலிஷ் போட்ட, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்ற காலணிகள். எதிர்ப்பக்கம் குருவியின் அம்மாவின் தேய்ந்த செருப்பு. வேலை முடிந்து அவர் எழுந்தபோது, அந்த அம்மா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தபடி இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது.

“சரி, நீங்க போகலாம்” என்றார் அதிகாரி அவரிடம்.

அவர் கதவுவரை போனார். பிறகு திரும்பி நின்றார்.

“நான் இருந்தேன் சார்.”

“என்னது?”

“அன்னைக்கு அந்த வகுப்புல. ஏணி மேல நின்னு ஃபேன் மாட்டிட்டிருந்தேன். சார் போனைத் தொறக்கச் சொன்னாரு. படிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

“கரன்ட்” என்றார் தலைமையாசிரியை மெதுவாக.

கரன்ட் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்தார். “என்ன படிச்சாருன்னு ஞாபகம் இருக்கா?”

“எல்லாம் ஞாபகம் இருக்கு சார்.”

“சொல்லுங்க.”

அவர் குருவியின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“சொல்ல மாட்டேன் சார். அது அந்தப் புள்ளையோட சொந்த விஷயம். ஏற்கெனவே எல்லாரும் கேட்டாச்சு. இன்னொரு தடவ வேண்டாம். படிச்சாரு, நான் கேட்டேன். அவ்வளவுதான் எழுதிக்கோங்க. மைக்க ஆஃப் பண்ணது நான். என் பொண்ண உண்மையில்லன்னு படிக்க வெச்சதும் நான்தான். அதையும் எழுதிக்கோங்க.”

அதிகாரி எழுதினார். கணக்கு ஆசிரியர் மட்டும், “இவரு பொண்ணுக்காகச் சொல்றாரு சார்” என்றார்.

அன்று சாயங்காலமே மின்சார வேலைகளை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டார்கள். தன் கருவிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பொடிசு ஒன்று, “கரன்ட் போயிட்டா...” என்று ஆரம்பித்தது. அவர் அதன் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

உத்தரவு வந்தது. ஆசிரியர்கள் போனை வாங்கி வைக்கலாம், திறந்து பார்க்கக் கூடாது. காலைக் கூட்டத்தில் பேசியதற்காக ஒரு மாணவரை வெளியேற்றியது செல்லாது. இரு மாணவிகளையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது பொதுத்தேர்வு முடிந்து வினாத்தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன. கணக்கு ஆசிரியர் அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குருவி அக்காவோடு வேறொரு ஊருக்குப் போய், கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திரும்ப அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ரேடியோவும் அதையே சொன்னாள்.

அவள் வீட்டிலிருந்தே படித்து, அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதினாள். ஆய்வுக்கூடம் இல்லாததால் அறிவியல் பாடங்களில் மதிப்பெண் குறைந்தது. அவள் சேர நினைத்த படிப்பு கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் சேர்ந்தாள். கல்லூரியில் மேடை ஏறச் சொன்னால் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறாள் என்று அவளுடைய புதிய தோழி ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள். “எங்க பொண்ணா?” என்று அம்மா கேட்டாள். பிறகு அழுதாள்.

கரன்ட் மறுபடியும் கட்டட வேலைக்குப் போனார். சாயங்காலம் புருவம் நரைத்து வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். பேச நினைத்து இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

“பாப்பா.”

“சொல்லுங்கப்பா.”

“அன்னைக்கே நான் போய்ச் சொல்லியிருக்கணும்.”

“ம்.”

“கடைசியில சொன்னேன்தான். ஆனா...”

“தெரியும்பா. குருவியோட அம்மா சொன்னாங்க. அது பெரிய விஷயம்னாங்க.”

“நீ என்ன நெனக்கறே?”

அவள் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு யோசித்தாள். உண்மையைச் சொல்லவேண்டும் என்று பழகிய பெண். பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

“பெரிய விஷயம்தான். ஆனா நான் கேட்டப்ப எனக்குச் சொன்னது இல்லையே அது.”

“என்னத் திட்டிடு பாப்பா” என்றார் அவர். “வாய்க்கு வந்தபடி திட்டு. சத்தமாத் திட்டு. அக்கம்பக்கம் கேக்கட்டும்.”

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது, அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

“எனக்கும் திட்டணும்னுதான் தோணுதுப்பா. வர மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. மனசுக்குள்ளேயே படித்தாள். சமையலறையிலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிடும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.